அரை விரற்கடை

தங்கையும் அவள் கணவரும் வந்து சேர்வதற்குச் சற்று முன்னால் அண்ணன் தன் காரின் பானெட்டைத் திறந்து, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியின் மஞ்சள் வளையத்தில் விரலை விட்டு அரை விரற்கடை மேலே இழுத்து வைத்தார். அவ்வளவுதான் செய்தார். எட்ட நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து பார்த்தால் தெரிந்தது, ஆனால் எங்கே குனிய வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டுமே. மாப்பிள்ளைக்கு அவ்வளவு விவரம் போதாது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கை கழுவப் போனார்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். சொந்தக்காரர்களுக்குள் அவருக்கு 'அஞ்சு சிலிண்டர்' என்று பெயர். வைத்த புண்ணியவான் மாப்பிள்ளைதான். கல்யாண வீடோ இழவு வீடோ, அவர் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் பேச்சு சுற்றி வளைத்து அந்த எஞ்சினில் வந்துதான் நிற்கும். ஊரில் இருக்கிற வண்டிக்கெல்லாம் நாலு சிலிண்டர், பணக்காரன் வண்டிக்கு ஆறு, இதற்கு மட்டும் அஞ்சு. இரண்டரை லிட்டர் பெட்ரோல் எஞ்சின், இருநூறு குதிரைசக்திக்கு மேல், அதிலும் டர்போ. டர்போ என்றால் என்ன என்று யாராவது வாயைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. வெளியே போகிற புகையே ஒரு குட்டி விசிறியைச் சுழற்ற, அது இன்னொரு விசிறியைச் சுழற்ற, அது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிற கதையை முழுக்கக் கேட்காமல் எழுந்து போக முடியாது. "எண்ணெய காலாகாலத்துல மாத்தணும், டைமிங் பெல்ட்ட மறக்கக் கூடாது, அவ்வளவுதான். அஞ்சு லட்சம் கிலோமீட்டர் போகும். மனுஷன் நின்னுருவான், இது நிக்காது" என்று முடிப்பார். கேட்டுக் கேட்டு அவர் மனைவிக்குக் காது புளித்துப்போயிருந்தது.

இப்போது முழங்கால் வலியில் அவரால் கிளட்சை மிதிக்க முடியவில்லை, வண்டியை விற்றுவிடலாம் என்று இருந்தார். தங்கைக்கோ தொலைவில் உள்ள ஆஸ்பத்திரிக்கு மாற்றல். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ், நெடுஞ்சாலையில் தனியாக ஓட்டிப் போய்வர வேண்டும். "எனக்கு உன் வண்டிதான் வேணும்ணே. நிக்காதுன்னு நீதான சொல்லுவே" என்று அவள் போனில் கேட்டபோது அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சரி என்று சொன்ன பிறகுதான் வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டியிருந்ததைப் பார்த்தார். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைத்துப்போயிருப்பதாகச் சொன்னான். "உள்ள மூச்சு முட்டுது சார். அந்தக் காத்து எப்படியாவது வெளிய வரணுமில்ல, பின்னாடி இருக்கிற ரப்பர் சீல் வழியா எண்ணெயத் தள்ளுது. இப்போதைக்கு ஓடும். சீல் பிச்சுக்கிச்சுன்னா நடுரோட்டுல மொத்த எண்ணெயும் போயிடும், எஞ்சின் அவ்வளவுதான்."

சரிசெய்ய முடியாத கோளாறு இல்லை. ஆனால் வண்டி ஒரு வாரம் ஷெட்டில் கிடக்கும், கிடந்தால் மாப்பிள்ளை காதுக்குப் போகும், போனால் 'அஞ்சு சிலிண்டர் படுத்துடுச்சாமே' என்று ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பார். செலவைக்கூடப் பொறுத்துக்கொள்வார், அந்தச் சிரிப்பை அவரால் பொறுக்க முடியாது. வெட்கக்கேடுதான், என்ன செய்வது, மனிதர் அப்படி. முதலில் கை மாறட்டும், அப்புறம் சர்வீஸ் என்று ஏதாவது சாக்குச் சொல்லி நாமே வாங்கிப்போய்ச் சரிசெய்து கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் மண் விழுகிற மாதிரி மாப்பிள்ளை போன் செய்தார். "மச்சான், இந்த எஞ்சினுக்கு ஒரு சோதனை இருக்காம், வீடியோல பாத்தேன். எண்ணெய் ஊத்துற வாயில ஒரு ரப்பர் கையுறைய மாட்டணுமாம். உப்புனா எஞ்சின் போச்சு, தொங்குனா நல்ல எஞ்சின். ஞாயித்துக்கெழம உங்க தங்கச்சி கையுறை கொண்டாருவா." அவர் அன்றே சமையலறைக் கையுறையை மாட்டிப் பார்த்தார். உப்பியது. கம்பியைக் கொஞ்சம் தூக்கினால் காற்று அந்தப் பக்கமாகப் போய்விடும் என்பதையும் அன்றே கண்டுபிடித்தார்.

வந்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை மூடியைக் கழற்றிக் கையுறையை மாட்டினார். அது தொங்கியது. கொஞ்சம் நேரம் பார்த்தார், எஞ்சினைச் சற்று முறுக்கிப் பார்த்தார், அப்போதும் தொங்கியது. "பரவால்லயே மச்சான்" என்றார், ஏமாந்த குரலில்.

"இதெல்லாம் எதுக்கு? அண்ணன் சொன்னாப் போதாதா" என்றாள் தங்கை.

அந்த வார்த்தை அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த நேரம் பார்த்து அவள் கை நீண்டது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்தப் பழக்கம், பாதி திறந்த இழுப்பறையை மூடுவாள், சரியாக மூடாத பாட்டில் யாருடையதாக இருந்தாலும் திருகி மூடுவாள். தியேட்டர் வேலைக்குப் போன பிறகு அது முற்றிப்போயிற்று. மஞ்சள் வளையம் சரியாக உட்காராமல் நிற்பதைப் பார்த்திருக்கிறாள். 'அதத் தொடாதம்மா' என்று சொல்ல அவருக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை. தங்கை கட்டைவிரலால் வளையத்தை அமுக்கினாள்.

கையுறையின் சுண்டுவிரல் முதலில் விறைத்தது. பிறகு மற்ற விரல்கள், பிறகு உள்ளங்கை. முழுசாக உப்பி நிமிர்ந்து நின்று எஞ்சினோடு சேர்ந்து நடுங்கியது.

"அடடே, அஞ்சு சிலிண்டருக்கும் கணக்கா அஞ்சு விரலக் காட்டுது பாருங்க" என்று மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து ஓய்ந்த பிறகு, "இவ்வளவு நேரம் சும்மாதான கெடந்துச்சு?" என்று வீடியோவைத் திரும்பப் பார்க்கப் போனைத் தேடினார்.

தங்கை வளையத்தை லேசாகத் தூக்கினாள். கையுறை தளர்ந்தது. அமுக்கினாள், நிமிர்ந்தது. பிறகு அண்ணனைப் பார்த்தாள். அவருக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

"அண்ணன் முன்னாடியே எங்கிட்ட சொல்லிட்டாரு" என்றாள் கணவரிடம், சாதாரணமாக. "ஒரு கோளாறு இருக்கு, நேர்ல காட்டுறேன், சரிபண்ணித்தான் குடுப்பேன்னு. அந்தக் கம்பியத் தூக்கினா தெரியாது, அமுக்கினாத் தெரியும். நீங்கதான் யாரையும் வாயத் திறக்க விடலயே."

அப்படி ஒரு பேச்சு நடக்கவே இல்லை. மாப்பிள்ளை போனிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். "அப்படியா மச்சான்? நான் ஏதேதோ நெனச்சுட்டேன். யாரு இந்தக் காலத்துல இப்படிச் சொல்லி விக்கிறாங்க" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் கேலியில்லாமல் பேசியது அப்போதுதான். அதைவிட அவர் சிரித்துத் தொலைத்திருக்கலாம் என்று இவருக்குத் தோன்றியது. மாப்பிள்ளை இருக்கையின் உயரத்தைப் பார்க்க ஓட்டுநர் பக்கம் போய் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நான் தனியா போற ரோடுண்ணே அது" என்றாள் தங்கை. குரலை உயர்த்தவில்லை.

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா?"



அவள் கையுறையைப் பிடுங்கினாள். சூடான எண்ணெய்க் காற்று இரண்டு பேர் முகத்திலும் அடித்தது. தியேட்டரில் செய்வதுபோல, எண்ணெய் பட்ட பக்கம் உள்ளே போகிறபடி ஒரே இழுப்பில் அதைப் புரட்டி, சின்னதாகச் சுருட்டி, அவர் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தாள். வெளியே பார்க்கச் சுத்தமாக இருந்தது. உள்ளே இன்னும் சூடு இருந்தது.