பத்தாயிரத்து முப்பத்தேழு பேர்

1

இந்தக் கதை பிறந்தது ஞானத்தில் இல்லை, ஒரு போன் காலில். பேசியவர் அலோர் காஜா பக்கத்துக் கோயில் தலைவர் சிவசாமி அண்ணன். "தம்பி, விழா மலருக்கு ஒரு கதை குடு. நம்ம ராஜா கப்பல்ல இங்க வந்து கடாரத்தக் கொளுத்துனாரே, அது. பத்தாயிரம் பேராச்சும் சாகணும் லா."

கையில் ஒரு பழைய போர்ப்பாட்டின் நகல் இருந்தது. எழுத உட்கார்ந்தேன்.

'ரத்தம் ஆறாய்ப் பெருகியது. அதில் பத்தாயிரம் தலைகள்—'

(நானாக நிறுத்தவில்லை. பின்னால் மனைவி வந்து நின்றுவிட்டாள்.)

2

ராகினிக்கு பத்து பெரண்டாம் ஃபேக்டரியில் கியூசி வேலை. பெட்டியில் இருப்பதும் சீட்டில் எழுதியிருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் திருப்பி அனுப்புவாள். வீட்டிலும் அதே வேலைதான்.

"கரெக்டா பத்தாயிரமா?"

"பாட்டுல அப்படித்தான் இருக்கு."

"எழுதுனது யாரு?"

"ராஜாவோட புலவர்."

"எங்க லைன்ல இப்படி முழுசா நம்பர் வந்தா, எவனோ எண்ணாம எழுதியிருக்கான்னு அர்த்தம்."

[குறிப்பு: அந்தக் காலத்தில் போரில் ஆயிரம் யானையைக் கொன்றவனுக்குத்தான் பரணி பாடுவார்கள். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதோடு சண்டை முடிந்துபோனால்? கடைசி யானையைப் புலவரே எழுத்தாணியால் கொன்றிருப்பார்.]

3

எனக்குக் குஷி. புலவரைப் புளுகர் ஆக்கி, கடாரத்தில் ஒரு கோழிகூடச் சாகவில்லை என்று இரண்டாவது வரைவு எழுதினேன். ராகினி அதையும் திருப்பினாள்.

"சீட்டு தப்புன்னா பெட்டி காலின்னு அர்த்தமா? அவ்ளோ தூரம் கப்பல்ல வந்தவங்க தே தாரிக் குடிச்சிட்டா போயிருப்பாங்க?"

பிறகு சொன்னாள்: "நூர் ஹிதாயா இத வாசிப்பா, தெரியும்ல?"

நூர் ஹிதாயா ஃபேக்டரியில் அவளுக்குப் பக்கத்து மேசை. கெடாவில் பிறந்த தமிழ் முஸ்லிம் பெண். ராகினி கொடுக்கும் எந்தத் தமிழ்ப் புத்தகத்தையும் விடமாட்டாள். கடாரம் என்று நான் கொளுத்திக்கொண்டிருந்தது அவள் ஊரை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாகிவிட்டது.

4

மூன்றாவது வரைவின் முடிவு: 'அன்று செத்தவர்கள் ______ பேர். எண்ணிப் பார்த்த ஆள் யாருமில்லை.'

அனுப்பியதோடு நிற்காமல் அண்ணனுக்கு விளக்கமும் சொன்னேன்: முழு எண்ணை இந்தக் காலத்தில் யாரும் நம்புவதில்லை. மனுசன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அதுதான் வினை.

மலர் வந்தது. கோடிட்ட இடத்தில் 'பத்தாயிரத்து முப்பத்தேழு'. அடுத்த வாக்கியத்தை இடம் போதவில்லை என்று எடுத்துவிட்டார்.

"இப்ப நம்புவாங்க லா," என்றார்.

5

நம்பிவிட்டாள். கேன்டீனில் மலரை மூடி வைத்துவிட்டு நூர் ஹிதாயா கேட்டாளாம்: "கடைசி முப்பத்தேழு பேரு வரைக்கும் எண்ணியிருக்காங்கன்னா, பேரும் எழுதி வச்சிருப்பாங்கல்ல அக்கா? ஒரு பேராச்சும் உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

என்னிடம் ஒரு பேரும் இல்லை. பொய் என்று ஒப்புக்கொண்டால், அங்கே யாருமே சாகவில்லை என்று அவள் நினைத்துக்கொள்வாளோ என்று பயமாக இருக்கிறது. நாளை காலை ஷிஃப்டுக்குள் பதில் வேண்டும் என்று ராகினி கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நிற்கிறாள்.

'அன்புள்ள நூர் ஹிதாயா, அந்த எண் பொய். ஆனால்—'

இந்த 'ஆனால்' வரைக்கும்தான் எனக்கு வருகிறது. மீதியை நீங்கள் எழுதிக் கொடுங்கள். ராகினி பார்த்துத்தான் விடுவாள்.