ஒரு எண்ணிக்கை முன்னால்

பிச்சுமணி ஐயருக்கு முதுகு வலித்தது. முப்பது வருஷம் மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபோதெல்லாம் வலிக்காத முதுகு, பெண்கள் பள்ளிக்கூடத்துப் பெஞ்சு இரண்டைச் சேர்த்துப் போட்டுப் படுத்த சில நாட்களிலேயே வலிக்க ஆரம்பித்துவிட்டது. தலைமாட்டில் உலக வரைபடம். கால்மாட்டில் கரும்பலகை, அதில் லீவுக்கு முன்னால் யாரோ பாதியில் விட்டுப்போன கணக்கு. நடுவில் கொசு.

முப்பத்தெட்டாம் வருஷத்து மேட மாதம், மலையாளத்துச் சித்திரை. கோர்ட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கோடை லீவு. லீவு விட்டால் வக்கீல் ராமசுப்ரமணியனுக்குக் கை சும்மா இருக்காது. ஸ்ரீவராகத்தில் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்கி, வாசலில் ‘வேனிற்கால சங்கீத வகுப்பு’ என்று போர்டு மாட்டிவிட்டார். தந்தி வாத்தியங்கள் மட்டும்தான். பிடில் சொல்லிக்கொடுக்கத் திருநெல்வேலியிலிருந்து பிச்சுமணி. வீணைக்குத் தஞ்சாவூரிலிருந்து அனந்தலக்ஷ்மி அம்மாள். சேர்ந்தவர்கள் குமாஸ்தாக்கள், குமாஸ்தாக்களின் மனைவிமார், பென்ஷன்காரர்கள். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை பள்ளிக்கூடம் முழுவதும் தந்திகள் அலறின. சாலைக் கடைத்தெருவுக்குச் சாமான் ஏற்றிப்போகும் வண்டிக்காரர்கள் கூட அந்த வீதியைத் தவிர்த்தார்கள் என்று கேள்வி.

பிச்சுமணி இதற்கெல்லாம் வருகிற ஆள் இல்லை. வக்கீல் ஒரு வார்த்தை சொன்னதால் வந்தார்.

“கடைசி நாள் சாயங்காலம் நீங்க தனியா வாசிக்கணும். பாட்டே கிடையாது. பிடிலும் மிருதங்கமும் மாத்ரம். ஒரு மணி நேரம், உங்களுக்கே உங்களுக்கு.”

முப்பது வருஷத்தில் அவரிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. அவர் பக்கவாத்தியம். பாடுகிறவர் நடுவில் இருப்பார், இவர் ஓரத்தில் இருப்பார். அவர் பாடுவார், இவர் தொடருவார். அதில் இவரை மிஞ்ச ஆள் கிடையாது. முக்கியமாக, பாகவதர் ஓர் இடத்தில் தாளம் தப்பி வழுக்கி விழுந்தால் பிச்சுமணியும் கூடவே விழுவார். இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தால் சபைக்கு அது விழுந்த மாதிரியே தெரியாது. குனிந்து எதையோ எடுத்த மாதிரி இருக்கும். அடுத்த வரியிலேயே நைஸாக அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கித் தாளத்தில் கொண்டு நிறுத்திவிடுவார். பெரிய பெரிய வித்வான்களெல்லாம் கச்சேரி ஒப்புக்கொள்ளும்போதே, “பிச்சுமணியைப் போட்டுடுங்கோ” என்று சொல்லிவிடுவது அதனால்தான். மாலையும் சால்வையும் விழுந்தவருக்குத்தான், தூக்கினவருக்கு இல்லை. பிச்சுமணி அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை நினைத்துத்தான் பெஞ்சையும் கொசுவையும், தினப்படி வந்த ஒரே எரிசேரிக் கூட்டையும் சகித்துக்கொண்டார்.

அவருடைய மாணவர்களில் மூத்தவர் வெங்கடசுப்ரமணியன். செக்ரட்டேரியட்டில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் ஆன மறுநாளே ஒரு பிடில் வாங்கிவிட்டார். பிச்சுமணியைவிட வயதில் மூத்தவர்; ஆனாலும் வந்தவுடன் காலைத் தொட்டுக் கும்பிடப் போவார், பிச்சுமணி பின்னால் நகருவார், அவரும் விடாமல் முன்னால் நகருவார். தினமும் பலாச்சுளையோ வாழைக்காய் வறுவலோ வாழையிலைப் பொட்டலமாக வரும். நல்ல மனுஷர். கை மட்டும் அவருக்குக் கட்டுப்படவில்லை.

அவருக்கு பைரவியில் ஒரு கீர்த்தனை நடந்துகொண்டிருந்தது. அதன் சரணத்தில் ஓர் இடம். பஞ்சமத்தில் வந்து நின்று, இரண்டு எண்ணிக்கை இழைத்துவிட்டு இறங்க வேண்டும். பெரியவருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஒரு எண்ணிக்கையிலேயே சறுக்கி இறங்கிவிடுவார். தினமும் அந்த இடம் நெருங்கும்போதே அவர் நெற்றியில் வேர்க்கும்.

“பயப்படாதேங்கோ, நான் இருக்கேன்” என்பார் பிச்சுமணி.

“நீங்க இருக்கச்சே எனக்கென்ன பேடி!” என்று பெரியவர் பயத்தை மலையாளத்தில் சொல்லிச் சிரித்துக்கொண்டே ஒரு எண்ணிக்கை முன்னால் இறங்குவார்.

ஒருநாள் மத்தியானம் அனந்தலக்ஷ்மி அம்மாள் மோர் குடிக்கும்போது கேட்டாள். அவள் வகுப்பு வேறு மாதிரி. தன் வீணையை உறையைவிட்டே எடுக்க மாட்டாள். “வாசிம்மா” என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். முதல் வாரம் பாதிப் பேர் அழுதார்கள். இப்போது அழுகை நின்றுவிட்டது.

“அண்ணா, நீங்க எதுக்கு எல்லாரோடயும் கூடவே வாசிக்கிறீங்க?”

“கூட வாசிக்காம எப்படிச் சொல்லிக்கொடுக்கறது?”

“சொல்லிக்கொடுக்கல்ல நீங்க. அந்தப் பெரியவர் இறங்கற இடத்தில நீங்களும் இறங்கறீங்க. அடுத்த வரியில ஒரு எண்ணிக்கையை நீட்டி ரெண்டு பேரும் ஒண்ணா வந்து சேர்றீங்க. நான் அடுத்த அறையில இருந்து தினம் கேக்கறேன். தப்புன்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

பிச்சுமணி டம்ளரைக் கீழே வைத்தார். சத்தியமாக அவருக்கே அது தெரியாது. கை அதுபாட்டுக்குச் செய்திருக்கிறது. “நாளைக்கு வில்லைக் கீழே வெச்சுடறேன்” என்றார். மறுநாள் வைக்கத்தான் வைத்தார். பெரியவர் பஞ்சமத்துக்கு வந்து, குழந்தை கையைத் தேடுவது போல் ஒரு பார்வை பார்த்தார். வில் தானாக மேலே ஏறிவிட்டது. அதோடு சரி. அலுப்பில் இருக்கிற மனுஷனுக்குத் திருத்துவதைவிடத் தாங்குவது சுலபமாக இருந்தது.

வினை அதில்தான் விளைந்தது. நிறைவு நாளுக்கு முந்தின வாரம், வக்கீல் ஊர்ப் பெரிய மனுஷர்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வகுப்பைக் காட்ட வந்தார். வந்த நேரம் பைரவி ஓடிக்கொண்டிருந்தது. வாசற்படியிலேயே நின்று கீர்த்தனை முழுவதையும் கேட்டார்கள். வக்கீலின் கண் கலங்கிவிட்டது.

“இது எந்தா அதிசயம்! ஒரே மாசத்தில, இந்த வயசில, இப்படியொரு வாசிப்பு! ஐயர்வாள், நம்ம வகுப்புக்கு இதைவிட சாட்சி வேணுமோ?” அங்கேயே நின்றபடி தீர்மானித்துவிட்டார். “கடைசி நாள் சாயங்காலம் அந்த ஒரு மணி நேரத்தை இவருக்கே கொடுத்துடலாம். வேலாயுதன் மிருதங்கம். நீங்க பக்கத்தில இருந்தாப் போறும், கேட்டேளா? குருவே சிஷ்யனுக்குப் பக்கவாத்தியம்! ஊரே பேசும்.”

பெரியவர் பதறிப்போய் வேண்டாம் வேண்டாம் என்றார். ஆனால் முகம் கல்யாணப் பெண் முகம் மாதிரி ஆகிவிட்டது. எல்லாரும் பிச்சுமணியைப் பார்த்தார்கள்.

“ஆகட்டும்” என்றார் பிச்சுமணி.

முப்பது வருஷமாக அவர் சொல்லிவந்த வார்த்தை அது ஒன்றுதான்.

அவர்கள் போன பிறகு அனந்தலக்ஷ்மி அம்மாள் கொதித்தாள். “வக்கீல்கிட்ட உள்ளதைச் சொல்லுங்க. இல்லாட்டா பெரியவர்கிட்டயாவது சொல்லுங்க.”

“சொன்னா அவர் மனசு கஷ்டப்படும்.”

“உங்க மனசு?”

“அதுக்குப் பழகிப்போச்சு” என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் போய்ப் படுத்தார். பழகவெல்லாம் இல்லை. வரைபடத்தைப் பார்த்தபடி கிடந்தவருக்கு முதல் தடவையாக ஒரு கோபம் வந்தது. நாம் ஒருத்தரைத் தூக்கத் தூக்க, அவர் உயரமென்று ஊர் நினைத்துக்கொள்கிறது. தூக்குகிற ஆள் தோளிலிருந்து கையை எடுத்தால் என்ன ஆகும்? அந்த நினைப்பு அவரை விடவில்லை. எடுத்துத்தான் பார்ப்போமே என்று நினைத்தார்.

நிறைவு நாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தது. மழை வருகிற மாதிரி ஒரு புழுக்கம். வீணை மாணவிகள் வாசித்து முடித்தார்கள். தப்பே இல்லாமல், கொஞ்சம் விறைப்பாக. பிறகு பெரியவர் சரிகை வேஷ்டி கட்டிக்கொண்டு நடுவில் வந்து உட்கார்ந்தார். முன் வரிசையில் அவர் மனைவியும் மாட்டுப்பெண்களும். பிச்சுமணி ஓரத்தில், வழக்கமான இடத்தில்.

சின்னதாக ஒரு வர்ணம் போயிற்று. பைரவி ஆரம்பித்தது. பல்லவி, அனுபல்லவி எல்லாம் இரண்டு பிடிலும் ஒரே குரலாக ஓடின. சரணம் வந்தது. பெரியவர் பஞ்சமத்தில் நின்றார்.

பிச்சுமணி வில்லைத் தந்தியிலிருந்து எடுத்தார்.

பெரியவர் ஒரு எண்ணிக்கையில் இறங்கினார், தனியாக. கூட வருகிற சத்தம் இல்லையே என்று திகைத்தார். அடுத்த வரிக்குத் தாளத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தார். வேலாயுதனின் அடி வேறெங்கோ விழுந்தது. இன்னும் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுப் பெரியவர் நின்றுவிட்டார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பிச்சுமணிக்கு இதையா ஆசைப்பட்டோம் என்று இருந்தது. முப்பது வருஷத்தில் அவர் தெரிந்து செய்த கெடுதல் இது ஒன்றுதான். அதையும் தனக்குப் பலாச்சுளை கொண்டு வந்து கொடுத்த மனுஷனுக்குச் செய்திருக்கிறார். பெரியவர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தால் தேவலையாக இருந்திருக்கும். இல்லை. இத்தனை நாளும் நடந்தது என்னவென்று அவருக்கு அந்த நிமிஷம் புரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

பெரியவர் பிடிலை மடியில் வைத்துக்கொண்டு சபையைப் பார்த்தார்.

“தப்பு என்னோடதாக்கும். இத்தனை நாளும் நான் வாசிச்சேன்னு நினைச்சிண்டிருந்தேன். இவர் தூக்கிண்டு போயிருக்கார். இன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சது.” நிற்காமல் சொன்னார். பிறகு தன் இடத்திலிருந்து ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார். “ஐயர்வாள், நடுவில வாங்கோ. நீங்க வாசியுங்கோ. இதே பைரவியை முதல்லேருந்து. நான் கேக்கறேன்.”

கூடம் காத்திருந்தது.

பிச்சுமணி நடுவில் வந்து உட்கார்ந்தார். வில்லைத் தந்தியில் வைத்தார். வைத்தவர் அப்படியே இருந்தார். வேலாயுதன் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு அவரையே பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிச்சுமணிக்குத் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. யாராவது ஆரம்பிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார். ஆரம்பிக்க இங்கே வேறு ஆள் இல்லை. முன் வரிசையில் அனந்தலக்ஷ்மி அம்மாள் வகுப்பில் உட்காருவது போலக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாசித்தார். முதல் வரி கொஞ்சம் தயங்கிற்று. இரண்டாவது வரியில் வில் விடுபட்டது. எத்தனையோ பேருக்குப் பின்னால் போய்ப் போய்த் தேய்ந்த பைரவி, அன்றைக்கு முன்னால் யாரும் இல்லாத ரோட்டில் நடக்கிற மாதிரி நிதானமாக நடந்தது. விசிறிகள் நின்றன. முதுகு வலி கூட எங்கேயோ போய்விட்டது. இதுதானா, இவ்வளவுதானா, இதற்கா முப்பது வருஷம் என்று அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

சரணம் வந்தது. பஞ்சமத்தில் நின்றார்.

விரல் ஒரு எண்ணிக்கையிலேயே சறுக்கி இறங்கிவிட்டது.

அவர் இறக்கவில்லை. ஒரு மாதமாகத் தினமும் காலையில் இறங்கி இறங்கிப் பழகின விரல் அதுவாக இறங்கிற்று. இறங்கின கணமே அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறர் தப்பினால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தானே தப்பினால் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அனந்தலக்ஷ்மி அம்மாளின் கட்டிய கை அவிழ்ந்தது.

அப்போது இடது பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. கரகரவென்று, கொஞ்சம் சுருதி குறைந்து. பெரியவர் மடியிலிருந்த பிடிலை எடுத்துவிட்டிருந்தார். பிச்சுமணி இறங்கின இடத்திலேயே அவரும் இறங்கியிருந்தார். தனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதானே! அடுத்த வரியில், தினமும் செய்த மாதிரியே, ஒரு எண்ணிக்கையை நீட்டினார். இந்தத் தடவை அவர் நீட்டினார், பிச்சுமணி தொடர்ந்தார். இரண்டு பிடிலும் ஒன்றாக வந்து தாளத்தின் சமத்தில் நிற்க, வேலாயுதனின் அடியும் சரியாக அதிலேயே வந்து விழுந்தது.

சபை தலையை ஆட்டிற்று. ஏதோ குருவும் சிஷ்யனும் பேசி வைத்துக்கொண்டு செய்த நயம் என்று நினைத்துக்கொண்டது.

பிச்சுமணிக்குக் கண்ணை மறைத்தது. எத்தனையோ பேருக்கு இதைச் செய்திருக்கிறார். வாங்கிக்கொள்கிற பக்கம் எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. வில்லை நிறுத்தாமல், தலையைத் திருப்பாமல் வாசித்துக்கொண்டே இருந்தார்.

பெரியவர் கொஞ்சம் சாய்ந்து அவர் காதோடு சொன்னார்.

“பேடிக்க வேண்டாம், கேட்டேளா. நான் இருக்கேன்.”