கணேசன் சொன்ன ஆழம்

பழவேற்காட்டில் ஆழத்தைப் பற்றிக் கணேசனிடம் யாரும் வாதம் செய்வதில்லை. ஏரியில் எந்த இடத்தில் படகை நிறுத்தி "இங்க எவ்ளோ?" என்று கேட்டாலும், தண்ணீரின் நிறத்தை ஒரு பார்வை பார்ப்பான், முழங்கால், இடுப்பு, கழுத்து என்று ஒரே சொல்லில் பதில் வரும். சந்தேகப்பட்டவர்கள் கழியை இறக்கிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். அடிமண் தெரிய வெளுத்திருந்தால் கால் நிற்கும், கறுத்திருந்தால் நிற்காது. இருபது வருஷமாக அவனைக் காப்பாற்றி வந்த பாடம் அவ்வளவுதான். இந்த முப்பத்தெட்டு வயதில் அவன் வாயிலிருந்து 'தெரியாது' என்ற வார்த்தை வந்ததை அவன் மனைவி கோவிந்தம்மாகூடக் கேட்டதில்லை. அதில் அவளுக்குப் பெருமை ஒன்றும் கிடையாது.

இப்படிப்பட்டவனைத்தான் சஹாபுதீன் மலைக்குக் கைடாகப் பிடித்துப் போட்டார். கவரைப்பேட்டையில் ஒரு வேனை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களைத் தடா தாண்டி மேற்கே உள்ள மலைக்காட்டுக்கு அழைத்துப் போவது அவர் தொழில். ஓடையை ஒட்டி நடந்தால் பாறைகளுக்கு நடுவே மூன்று மடுக்கள் வரும். குளித்து, கரையில் பிரியாணி சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டு, இருட்டுவதற்குள் ஊர் திரும்பிவிடலாம். அவருடைய வழக்கமான கைடு முனுசாமியை அந்த வருஷம் சிக்குன்குனியா பிடித்துக்கொண்டது. ஊரில் பாதிப் பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த வருஷம் அது.

"தண்ணி தெரிஞ்ச ஆளு நீதான் கணேசா. இந்த வாரம் நல்லபடியா முடிச்சினா வாரா வாரம் உனக்குத்தான். முனுசாமி முட்டி இனிமே மலை ஏறாது," என்றார் சஹாபுதீன். "ஒண்ணே ஒண்ணு. கேட்டாங்கன்னா தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாத. கைடே தெரியாதுன்னா சனம் பேஜாராயிடும்."

"அந்த வார்த்த நம்ம வாயில வராது பாய்," என்றான் கணேசன். அதில் பொய் இல்லை.

வேலை அவனுக்கு உண்மையாகவே வேண்டியிருந்தது. ஏரியில் படகு சவாரிக்கு வெளியூர்க்காரர்கள் வருவது பறவை இறங்கும் மாதங்களில்தான். மற்ற மாதங்களில் வலையில் நண்டுக் குஞ்சுதான் அகப்படுகிறது. வாரம் தவறாத வேலை என்பதை அவன் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை முனுசாமி வீட்டுக்குப் போய் வழி கேட்டான். முனுசாமி பாயில் படுத்தபடியே சொன்னான். "ஓடைய எடது கைப்பக்கம் வெச்சுக்கினே நட. பாறையில வெள்ள பெயிண்டுல அம்பு போட்டுக்கீது, அத வுட்டுடாத. மடுவுல எறங்கசொல்ல ஆழம் மட்டும்..."

கணேசன் கையைக் காட்டி நிறுத்தினான். "வழிய சொல்லு, போதும். தண்ணிய பத்திப் பழவேற்காட்டானுக்கு நீ சொல்லணுமா?"

மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுப்பார்களா என்ற திமிர். முனுசாமிக்கு முட்டி வலி உயிரை எடுத்தது. எப்படியோ போ என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பழமொழி இருக்கிறதே என்றால், அது மற்றவர்களுக்குச் சொன்னது என்பது கணேசனின் கட்சி.

ஞாயிறு காலை வேனில் பன்னிரண்டு பேர். கும்மிடிப்பூண்டி இரும்பு ஃபேக்டரி ஒன்றில் ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் பத்துப் பேர். அவர்களுக்குத் தலைவர்போல ஃபோர்மேன் பச்சையப்பன், வாயாடியாகக் கிரேன் ஓட்டும் மோசஸ். மீதி இருவர் பழவேற்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நூர் அகமதுவும் அவர் மனைவி மரியம் பீவியும். மரியம் பீவிக்கு ஐம்பது வயது. பார்க்கிற எதையும் கேள்வி கேட்காமல் விட மாட்டார். கணேசனைக் கண்டதும் அவருக்குப் பெரிய நிம்மதி.

"இவன் சொன்னா சரியா இருக்கும். ஏரில இவன் சொல்ற ஆழத்துக்குத்தான் படகே போவும்," என்று ஃபேக்டரிக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவைத்தார். "மலைக்கு நீ எத்தினி வாட்டி போயிக்கீற கணேசா?"

"கணக்கே இல்லம்மா."

அதற்குப் பிறகு அவன் வாய்க்குப் பூட்டே இல்லை. காட்டில் இறங்கி நடக்கத் தொடங்கியதும் மரியம் பீவி ஒவ்வொரு மரமாகக் கைகாட்டினார். தெரியாத மரத்துக்கெல்லாம் கணேசன் முன்னால் ஒரு 'காட்டு' போட்டான். காட்டு வேம்பு, காட்டுப் புங்கன், காட்டு முருங்கை.

"இங்க புலி கீதா?" என்றார்.

"இருந்துச்சு. போன வருஷம் போயிடுச்சு."

"எங்க?"

"மேல," என்று மலையைக் காட்டினான். மோசஸ் உட்பட எல்லோரும் மலையைப் பார்த்தார்கள்.

அம்புக்குறிகள் பொய் சொல்லவில்லை. முக்கால் மணி நேரத்தில் முதல் மடு வந்தது. மழை விட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஓடை ஒரு பாறை இடுக்கில் வழிந்து விழுந்து, நாலு பக்கமும் கல் சூழ்ந்த ஒரு குழியில் தேங்கி நின்றது. கணேசன் கிட்டே போய்ப் பார்த்தான். அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணிவிடலாம். ஒரு கல்லின் மேல் ஊர்ந்த நண்டின் கால்கள்கூடத் தெரிந்தன. இப்படி ஒரு தண்ணீரை அவன் பார்த்ததில்லை. அவன் ஏரியில் இடுப்பளவில் நின்றாலே கால் தெரியாது. ஊர்க் குளத்தில் கையை விட்டால் கை தெரியாது. அடிக் கல் இவ்வளவு பளிச்சென்று தெரிகிறதென்றால் எவ்வளவு ஆழம் இருந்துவிடப் போகிறது?

"இடுப்பளவு," என்று அறிவித்தான்.

படகு தரைதட்டினால் ஓட்டுகிறவன் முதலில் இறங்கி நின்று, பிறகுதான் மற்றவர்களை இறக்க வேண்டும் என்பது ஏரிப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, படியில் இறங்குகிறவன் மாதிரி பாறையிலிருந்து காலை வைத்தான். கால் எதையும் தொடவில்லை. முழுசாக உள்ளே போனான்.

நீச்சல் தெரியும் என்பதால் பயம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. கண்ணைத் திறந்தான், உப்பு இல்லாததால் எரிச்சல் இல்லை. தலைக்கு மேல் வெளிச்சம் ஆடியது. காலுக்குக் கீழே அந்தக் கூழாங்கற்கள் இன்னும் அதே தூரத்தில் கிடந்தன. உதைத்து மேலே வந்தபோது பாறையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"ஆழத்த சும்மா சொல்லாம, உள்ள போயே காட்றாரு பாரு," என்றான் மோசஸ். "இடுப்பளவுன்னு சொல்லி நம்மள ஏமாத்தினாரு. செம ஆளுண்ணா நீ."

அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தட்டுகிற கைகளை நிறுத்தச் சொல்ல யாருக்கு மனசு வரும்? முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இங்க நீச்சல் தெரிஞ்சவங்க மட்டும்," என்றான். ஏழு பேர் குதித்துக் கும்மாளம் போட்டார்கள். மரியம் பீவி ஓரப் பாறையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டு, பாதத்தைக் கடிக்க வந்த சின்ன மீன்களைக் கணவரிடம் காட்டிக்கொண்டிருந்தார்.

மடுவுக்குக் கொஞ்சம் மேலே ஓடை அகன்று மணல் திட்டாக இருந்தது. அங்கே பிரியாணி அண்டாவைத் திறந்தார்கள். சாப்பிட்டவர்கள் நிழலில் துண்டை விரித்துச் சாய்ந்தார்கள். பச்சையப்பன் குறட்டை விட்டார். கணேசனுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. வெள்ளைக் கூழாங்கல் நாலைந்தைப் பொறுக்கிக்கொண்டு தனியாக மடுவுக்குத் திரும்பினான். ஒரு கல்லைப் போட்டு எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அப்புறம்தான் அது அடியில் உட்கார்ந்தது. மறுபடி போட்டான், மறுபடியும் நாலு. கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிற தரை இரண்டாள் ஆழத்தில் கிடக்கிறது. தண்ணீர் தன்னை ஏமாற்றும் என்று அவனுக்கு இதுவரை தோன்றியதே இல்லை. ஒரு வாய் அள்ளிக் குடித்துப் பார்த்தான். இனித்தது.

இரண்டாவது மடு குடைபோல் கவிந்த ஒரு பெரிய பாறையின் நிழலில் இருந்தது. தண்ணீர் மையாய்க் கறுத்திருந்தது. அதைக் கண்டதும் கணேசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கறுப்பு அவனுக்குத் தெரிந்த நிறம்.

"இது எவ்ளோண்ணா?" என்றான் மோசஸ்.

"ரெண்டாளு. இங்க தாராளமா குதிக்கலாம்."

சொல்லி முடிப்பதற்குள் மோசஸ் கவிந்த பாறையின் முதுகில் ஏற ஆரம்பித்துவிட்டான். கீழேயிருந்து பத்துப் பன்னிரண்டு அடி உயரம். தலைகீழாகப் பாயப் போகிறேன், எல்லாரும் பாருங்கள் என்று சட்டையைக் கழற்றி வீசினான். சிநேகிதர்கள் விசிலடித்தார்கள்.

கணேசன் கையில் ஒரு வெள்ளைக் கல் மிச்சம் இருந்தது. எந்த யோசனையும் இல்லாமல் அதைத் தண்ணீரில் போட்டு, பழக்கமாகிவிட்டதால் எண்ணினான். ஒன்று. கல் நின்றுவிட்டது. கறுப்பின் மேல் வெள்ளையாக, அசையாமல் உட்கார்ந்திருந்தது. குனிந்து பார்த்தான். கறுத்திருந்தது தண்ணீர் இல்லை, அடியில் இருந்த பாறை.

"தம்பி, எறங்கு. குதிக்காத," என்றான்.

மோசஸ் சிரித்தான். "மொத மடுவுல இடுப்பளவுன்னு கத வுட்ட மாதிரிதானே? இந்த வாட்டி நான் ஏமாற மாட்டேன்."

"வெளாட்டு இல்ல தம்பி. வேணாம்."

"கணேசன் நல்லா நடிக்கிறான்," என்று மரியம் பீவியும் சிரித்தார். கீழே நின்றவர்கள் எண்ணத் தொடங்கினார்கள். ஒண்ணு என்றார்கள். மோசஸ் கைகளைத் தலைக்கு மேலே தூக்கிச் சேர்த்தான்.

கணேசன் மேலே பார்த்தான். வேன், வாரா வாரம் வேலை, பழவேற்காட்டில் இருபது வருஷப் பெயர், பக்கத்திலேயே நாளைக்கு ஊரெல்லாம் சொல்லப்போகிற மரியம் பீவி. எல்லாம் ஒரு பக்கம். அந்தப் பிள்ளையின் கழுத்து ஒரு பக்கம். ரெண்டு என்றார்கள்.

"எனக்குத் தெரியாது," என்று கத்தினான். "ஆழம் எனக்குத் தெரியாது. நான் இந்த எடத்துக்கு வந்ததே இல்ல. மொத மடுவுல நான் குதிக்கல, வுழுந்தேன்."

மூன்று என்று யாரும் சொல்லவில்லை. மோசஸ் தூக்கிய கைகளோடு நின்றான். பிறகு மெதுவாக உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே பாறையில் சறுக்கி இறங்கி வந்தான். தண்ணீருக்குள் நடந்தான். நட்ட நடுவில் போய் நின்றான். தண்ணீர் அவன் முழங்காலைத் தாண்டவில்லை. நின்ற இடத்திலிருந்து அண்ணாந்து தான் நின்ற உயரத்தைப் பார்த்தான்.

பச்சையப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு உயிரு போயிருக்கும். இன்னா ஆளுய்யா நீ? சஹாபுதீன் கிட்ட இத சொல்லாம வுட மாட்டேன்."

"சொல்லுங்க சார்," என்றான் கணேசன். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

மரியம் பீவி மட்டும் கேள்வியை விடவில்லை. "அப்போ அந்தக் காட்டு வேம்பு?"

"தெரியாதும்மா."

"புலி?"

"அதுவும் தெரியாது."

நூர் அகமது முதல்முறையாக வாயைத் திறந்தார். "திரும்பிப் போற வழி?"

"அது தெரியும் பாய். முனுசாமி சொன்னான்."

முதலில் சிரித்தது மோசஸ்தான். அப்புறம் மற்றவர்களும் சிரித்தார்கள், பச்சையப்பனைத் தவிர.

மூன்றாவது மடுவுக்குப் போகலாமா வேண்டாமா என்று பேச்சு வந்தது. மரியம் பீவி, வந்ததற்குப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று எழுந்து நடந்துவிட்டார். அங்கே கணேசன் காய்ந்த மூங்கில் ஒன்றைத் தேடி எடுத்து, கரையிலிருந்து அடிக்கு அடி ஊன்றிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனான். இங்கே முழங்கால், இங்கே இடுப்பு, இந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் பள்ளம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். மோசஸ் அவன் சொன்ன இடங்களில் குச்சி நட்டு, காட்டுக் கொடியைக் கட்டி அடையாளம் வைத்தான். ஏரியில் நிறத்தைப் பார்த்தாலே போதும் என்று இருந்த மனிதனுக்கு இந்தக் குருட்டு வேலை பிடித்துப்போய்விட்டது. பாறைக்குக் கீழே எங்கே குகைபோலப் போகிறது என்றுகூடத் துழாவிக்கொண்டிருந்தான். கடைசியில் நீச்சல் தெரியாத மரியம் பீவியே இடுப்பளவுத் தண்ணீரில் புடவையோடு இறங்கி, கணவர் கூப்பிடக் கூப்பிட மேலே வராமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

வேன் கவரைப்பேட்டைக்கு வந்தபோது கடைகளில் விளக்குப் போட்டிருந்தார்கள். சஹாபுதீன் வாசலிலேயே நின்றிருந்தார்.

"எப்டி இருந்துச்சு? கைடு எல்லாம் நல்லா காட்னாரா?"

பச்சையப்பன் தொண்டையைக் கனைத்தார். அதற்குள் மோசஸ் முந்திக்கொண்டான்.

"அவருக்கு ஒண்ணுமே தெரியாது பாய்."

சஹாபுதீன் முகம் விழுந்துவிட்டது. "இன்னா கணேசா இது?"

"ஆமா பாய்," என்றான் கணேசன். "தெரியாது."

"மனசுல வெச்சுக்காதீங்க தம்பி. அடுத்த வாரம் வேற ஆளப் பாத்து அனுப்பறேன்."

"வேற ஆளு வேணாம்," என்றான் மோசஸ். "அடுத்த வாரம் எங்க அக்கா பசங்க மூணு பேர இட்டுக்கினு வரேன். ஒருத்தனுக்கும் நீச்சல் தெரியாது. இவரு வர்றதா இருந்தா மட்டும் சொல்லுங்க."