ஸ்ரீரங்கன் சார் நடை

“சூப்பர்வைசரா ஆனப்புறம் சிரிக்கப்படாது, செல்வமேரி.”

“சிரிப்பு வந்துட்டா, சார்?”

“வாயில ஒரு கிராம்பைப் போட்டு அடக்கிக்கோ. நான் அப்படித்தான் சமாளிக்கறேன்.”

தாம்பரத்துச் சட்டைக் கம்பெனியில் பதவி உயர்வு கிடைத்த அன்று மேனேஜர் ஸ்ரீரங்கன் சொன்ன இந்த யோசனையைச் செல்வமேரி அப்படியே பிடித்துக்கொண்டாள். அதுவரை தையல் மிஷினில் இருந்துகொண்டு, ஆளாளைப் போல நடித்துக் காட்டி லைன் முழுவதையும் சிரிக்க வைத்தவள், கிராம்பும் கடுகடுத்த முகமுமாக நடமாட ஆரம்பித்தாள். அஸ்தினாபுரத்து வீட்டுக்குப் போனாலும் அந்த முகம் கழன்று வரவில்லை.

“இன்னா மேரி, இன்னொரு கரண்டி கொழம்பு கேக்கவே பேஜாரா கீது. மனு எழுதிக் குடுக்கணுமா?” என்று தட்டை நீட்டினான் அவள் கணவன் துரை. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பழக்க தோஷம், கை கிராம்பைத் தேடியது.

கம்பெனியில் நிலைமை மோசம். லைன் தூங்கி வழிந்தது. தப்பாகத் தைத்த சட்டையை முன்பெல்லாம் தூக்கிக் காட்டிக் கேலி பேசிய பெண்கள், இப்போது அவள் தலையைக் கண்டதும் மடியில் ஒளித்தார்கள். சனிக்கிழமைக்குள் சரக்கு லாரி ஏறாவிட்டால் அவள் பழையபடி மிஷினுக்கே போகவேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கடைசி மிஷின் எல்லம்மாவின் மடியிலிருந்து ஒரு சட்டை நழுவி விழுந்தது. காலர் தலைகீழாக ஏறியிருந்தது. எல்லம்மாவின் கண்கள் கலங்கிவிட்டன.

“என்னப் பாத்தா அவ்ளோ பயமாடீ?”

“ஆமாக்கா. மேனேஜரப் பாத்தாலாவது சிரிப்பு வரும். உன்னப் பாத்தா அதுவும் வரல.”

செல்வமேரி கிராம்பைத் துப்பினாள். அந்தச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். கைகளைப் பின்னால் கட்டி, வயிற்றை முன்னே அனுப்பி, பாதம் சரசரக்க நடந்தாள். நின்றாள். மின்விசிறியைச் சந்தேகமாக அண்ணாந்து பார்த்தாள். “யாரும்மா அங்க பேச்சு? மிஷின் பேசட்டும்!”

லைனே குலுங்கியது.

“அக்கா, எங்கிட்டயும் ரெண்டு கீது!” என்று பக்கத்து மிஷின் பேபி மடியைக் காலி செய்தாள்.

“என்னுதுல பாக்கெட்டு முதுகுல கீதுக்கா!”

ஒளிந்திருந்த சட்டைகளெல்லாம் வெளியே வந்தன. பிரிக்கும் கை பிரிக்க, தைக்கும் கை தைக்க, மிஷின்கள் ஓட்டம் பிடித்தன. அப்போதுதான் செல்வமேரி வாசலைப் பார்த்தாள். ஸ்ரீரங்கன் நின்றுகொண்டிருந்தார். திரும்பிப் போனார், அச்சு அசலாக அதே நடையில்.

மறுநாள் சாயங்காலம் லாரி கிளம்பியதும் அவளுக்கு அழைப்பு வந்தது.

“சரக்கு போயிடுச்சு, சார். நேத்து நடந்ததுக்கு நான் மிஷினுக்கே போயிடறேன்” என்றாள், தலை நிமிராமல்.

“மிஷினாவது மண்ணாவது! அந்த லைனை உன்னை விட்டா யார் ஓட்டுவா?”

ஸ்ரீரங்கன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டார்.

“நீ என்னை மாதிரி செய்யறது நாலு வருஷமா எனக்குத் தெரியும். வாட்ச்மேன் வரைக்கும் பார்த்தாச்சு. நான் வந்தா மட்டும் நிறுத்திடறே.” வாயிலிருந்த கிராம்பை எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்தார். “எனக்கும் ஒரு தரம் நடந்து காட்டேம்மா.”