மூணில் ஒண்ணா, நாலில் ஒண்ணா?

மறுநாள் தலைமையாசிரியை தன் வகுப்பில் வந்து உட்காரப் போகிறார் என்று தெரிந்ததும் கணக்கு டீச்சர் பாடப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். வேலைக்குச் சேர்ந்தபின் அவள் பாடம் எடுப்பதை ஒருவர் பார்வையிடுவது இதுதான் முதல் தடவை. பின்னப் பாடம் வேறு. சாயங்காலம் உட்கார்ந்து பாடக்குறிப்பு எழுதினாள்: முதலில் ஒரு பாட்டு, பிறகு விளக்கம், கரும்பலகையில் வட்டங்கள், கடைசியில் கேள்விகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒத்திகைக்காக, பஸ் ஓட்டும் கணவனையும் போலீஸிலிருந்து ஓய்வுபெற்ற மாமனாரையும் சாப்பாட்டு மேசையில் பிடித்து உட்காரவைத்தாள்.

பாட்டு முடிவதற்குள் மாமனாருக்குக் கண் சொக்கிவிட்டது. விளக்கம் முடிந்ததும் கணவன் கையைத் தூக்கினான்.

“டீச்சர், மூணுல ஒரு பங்கைவிட நாலுல ஒரு பங்குதானே பெருசு?”

“எப்படிங்க?”

“மூணைவிட நாலு பெருசு. இதுல என்ன சந்தேகம்?”

கேக் மாதிரி வட்டம் போட்டுக் காட்டினாள். “நாலு பேருன்னா கேக்கைப் பெருசா வாங்கணும்,” என்றான் அவன். கண் விழித்த மாமனார், “பையன் சரியாத்தாம்மா சொல்றான்,” என்று சாட்சி சொன்னார். தொண்டை வறண்டதுதான் மிச்சம். அப்பனும் பிள்ளையும் ஒற்றைக் காலில் நின்றார்கள்.

கோபத்தோடு பாத்திரம் தேய்க்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிள்ளைகளின் தலைக்குள்ளும் இதே குழப்பம் இருக்கும். ஆனால் அவர்கள் வாயைத் திறக்காமல் தலையாட்டிவிடுவார்கள். அப்படியானால் பாடம் தொடங்க வேண்டிய இடமே இந்தச் சண்டைதான். கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பாடக்குறிப்பில் பாட்டை அடித்தாள், விளக்கத்தைக் கடைசிக்குத் தள்ளினாள்.

மறுநாள் வகுப்பில் ஒரே அளவில் இரண்டு சாக்லேட். ஒன்று மூன்று பேர் உட்கார்ந்த பெஞ்சில், மற்றது நாலு பேர் பெஞ்சில். “எந்த பெஞ்சுல இருந்தா பெரிய துண்டு கிடைக்கும்?”

வகுப்பு இரண்டுபட்டது. நாலுதான் பெரிசு என்று பாதிப்பேர் மேசையைத் தட்டினார்கள். சாக்லேட் நீளத்துக்கே காகிதம் வெட்டிக் கொடுத்து, இரண்டு விதமாகவும் மடித்துப் பார்க்கச் சொன்னாள். மடிக்க மடிக்கச் சத்தம் அடங்கியது.

கடைசி வரிசையிலிருந்த தலைமையாசிரியை கிட்டத்தில் பார்க்கலாமென்று எழுந்து வந்து, மூன்று பேர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த சிறுமி சாக்லேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“டீச்சர், இங்க உட்காராதீங்க.”

“ஏம்மா?”

“நீங்க வந்தா நாங்க நாலு பேர் ஆயிடுவோம். என் துண்டு சின்னதாயிடும்.”

தலைமையாசிரியை எழுந்து அடுத்த பெஞ்சைப் பார்த்தார். அங்கிருந்த நால்வரும் ஒரே குரலில், “இங்க அஞ்சாயிடும் டீச்சர்,” என்றார்கள்.

அவர் தன் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்தார். மணி அடித்து வெளியே வந்ததும் கணக்கு டீச்சரை நிறுத்தினார்.

“பாடம் பிள்ளைங்களுக்கு நல்லாவே ஏறியிருக்கு,” என்றார் முகத்தில் சிரிப்பே இல்லாமல். “அடுத்த தடவை திட்டம் போடும்போது என்னையும் ஒரு ஆளா சேர்த்துக்குங்க.”