செங்காய்ச்சல் வீட்டுப் புத்தகம்

சுகாதார ஆள் வந்து எங்கள் கதவில் 'நோய் வீடு' என்ற சிவப்பு அட்டையை ஆணியடித்தபோதுதான் அந்தப் புத்தகத்தின் நினைவு வந்தது. தம்பி ஆர்லோவுக்குச் செங்காய்ச்சல்; தொட்டால் ஒட்டும் நோய். ஆறு வாரம் யாரும் வெளியே போகக் கூடாது. திங்கட்கிழமை நான் நூலகத்தில் திருப்பிக் கொடுத்த படப் புத்தகம், அதற்கு முன் இரண்டு நாள் அவன் தலையணைக்கடியில் கிடந்தது.

காய்ச்சல் வந்தது சனிக்கிழமை. அட்டை மாட்டினால் தன்னை ஆலை வேலைக்கு விட மாட்டார்கள் என்று அப்பா டாக்டரைக் கூப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை ஆர்லோவுக்கு மூச்சுத் திணறியதும் கூப்பிட்டார்; அன்றுதான் காய்ச்சல் வந்தது என்று சொல்லிவிட்டார். மறைத்தது தெரிந்தால் சிறை.

நூலகர் மிஸ் ரென்விக் ஒன்பது வருஷத்துக்கு முன் ஆல்பனி நகரத்தில் நூலகப் படிப்பு முடித்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் ஊருக்கு வந்தவர். அப்போது நூலகத்துக்குள் சிறுபிள்ளைகளை விடுவதில்லை. அவர்கள் எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பி ஊருக்கே நோய் பரப்புவார்கள் என்பார் நிர்வாகக் குழுத் தலைவர். மிஸ் ரென்விக் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று வாதாடினார். குழந்தைகள் அறை கிடைக்க ஆறு வருஷம் ஆனது. பள்ளியை விட்டு நின்ற எனக்கும் அங்கே ஒரு நாற்காலி இருந்தது. அந்த அறைப் புத்தகத்தால் ஒரு குழந்தை படுத்தாலும் அன்றே பூட்டிவிடுவேன் என்று தலைவர் சொல்லி வைத்திருந்தார்.

நோய் வீடுகளின் பட்டியல் நூலகத்துக்கும் போகும். அந்த வீட்டுப் புத்தகங்களை எரித்துவிடுவார்கள். வியாழக்கிழமை மிஸ் ரென்விக் எங்கள் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

"கிட்ட வராத, ஐடெல்லா. அங்கேருந்தே சொல்லு. நீ கொடுத்த புஸ்தகத்தை அன்னிக்கே வோகல் வீட்டு மின்னா எடுத்துட்டுப் போயிட்டா. ஆர்லோவுக்கு எப்ப ஆரம்பிச்சுது?"

மின்னாவுக்கு ஆறு வயது. திரைக்குப் பின்னால் அப்பா என் முழங்கையைப் பிடித்தார். செவ்வாய் என்று சொல்லச் சொன்னார். மிஸ் ரென்விக்கும் அந்த ஒரு சொல்லுக்குத்தான் காத்திருக்கிறார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. செவ்வாய் என்றால் அறை தப்பும். அப்பா தப்புவார். மின்னாவை யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள்.



"சனிக்கிழமை, மிஸ். புஸ்தகம் அவன் தலகாணிக்குக் கீழதான் இருந்துச்சு."

அப்பா கையை எடுத்துவிட்டு முன்னால் வந்தார். "புஸ்தகத்துக்குமா காய்ச்சல் வரும்? நீங்க ஒண்ணும் கேக்காத மாதிரி போயிடுங்கம்மா. உங்க ரூமாவது பொழைக்கும்."

"காலைலேர்ந்து நானும் அதைத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றார் மிஸ் ரென்விக். பிறகு வோகல் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார். பத்தடி போனதும் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததேயில்லை.

அன்றே புத்தகத்தை எரித்தார். டாக்டரிடமும் தலைவரிடமும் நடந்ததை அவரே போய்ச் சொன்னார். வெள்ளிக்கிழமை குழந்தைகள் அறைக்குப் பூட்டு விழுந்தது. தெருவில் செருப்புச் சத்தம் கேட்டாலே, போலீஸ்தானோ என்று அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். மிஸ் ரென்விக் மட்டும் வெள்ளியும் சனியும் மதியம் எங்கள் வாசலைக் கடக்கும்போது தலையை ஆட்டினார். மின்னாவுக்கு இன்னும் ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. இருட்டும் வரை நான் ஜன்னலை விட்டு நகரவில்லை.

திங்கட்கிழமை கையில் டிரங்குப் பெட்டியோடு வந்தார்.

"மின்னா படுத்துட்டா. மத்த மூணு பிள்ளைங்களையும் வியாழக்கிழமையே அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டதால அவங்களுக்கு ஒண்ணுமில்ல."

"அவ பொழச்சுக்குவாளா, மிஸ்?"

"தெரியலம்மா. அவ அம்மா தூங்கி ரெண்டு நாளாச்சு. எனக்குத்தான் ரூமோட வேலையும் போயிடுச்சே, அங்கேயே தங்கிப் பாத்துக்கப் போறேன்."

வோகல் வீடு எதிர்வரிசையில் நாலாவது. அவர் உள்ளே போனதும், தயாராக நின்ற சுகாதார ஆள் கதவைச் சாத்தினான். அட்டையை வைத்து ஆணியடித்தான். ஒவ்வொரு அடியும் எங்கள் ஜன்னல் வரை கேட்டது.