அசனச் சோற்றுக்கு டோக்கன்

ஜெய்சன் திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாபநாசம் வரைக்கும் ஒரு சாலை போட்டிருந்தான். பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஓர் ஊர் விடாமல், வேகத்தடை முதற்கொண்டு எல்லாம் இருந்தது. வெளியே போட்ட சாலையாக இருந்தால் இதற்குள் இரண்டு மழைக்குப் பெயர்ந்திருக்கும். கம்ப்யூட்டருக்குள் போட்டதால் தப்பித்தது.

'லாங் ரூட்' என்று ஒரு பஸ் ஓட்டும் விளையாட்டு. ஐரோப்பாவில் எங்கோ இருக்கிற கம்பெனி செய்தது. அதில் வருவதெல்லாம் பனி பெய்கிற ஊர்கள். பயணிகள் வரிசையில் நின்று ஏறுவார்கள், சரியான சில்லறை கொடுப்பார்கள், நன்றி சொல்லி இறங்குவார்கள். இப்படி ஒரு பஸ்ஸை ஓட்டுவதில் என்ன இருக்கிறது என்று கடுப்பாகித்தான் ஜெய்சன் இந்த வேலையில் இறங்கினான். கம்பெனி செய்த விளையாட்டில் ஆடுகிறவர்களே சொந்தமாக ஒன்றைச் செய்து சேர்த்தால் அதற்கு 'மாட்' என்று பெயர். வாடகை வீட்டில் குடியிருப்பவர் தாமே ஒரு பரண் கட்டிக்கொள்வது மாதிரி. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் வெள்ளையடிக்க வந்து பரணைப் பிடுங்கிப் போட்டாலும் ஏன் என்று கேட்க முடியாது.

பகலில் ஜெய்சனுக்குக் கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மாலையில் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்ததும் சாலை போட உட்கார்ந்துவிடுவான். கூட்டாளி தாணுமாலையன், கல்லூரியில் ஒரே பெஞ்சு, இப்போது தச்சநல்லூரில் ஃபிளெக்ஸ் போர்டு கடை. கடைப் பலகைகள், சுவர் விளம்பரங்கள், ஆற்றங்கரை மருத மரங்கள் எல்லாம் தாணுவின் கைவேலை. ஒரு மரத்துக்காக மூன்று தடவை அம்பாசமுத்திரம் போய்ப் படம் எடுத்த ஆள் அவன். சாலை, பஸ், பாலம், ஆற்றுத் தண்ணீர் எல்லாம் ஜெய்சன் பங்கு. ஒரு டிரைவர் அண்ணாச்சி தன் பஸ்ஸின் ஹாரனைப் பதிவு செய்ய விட்டார். பயணிகளின் சண்டைக்கு ஜெய்சனின் சொந்தக்காரர்கள் குரல் கொடுத்தார்கள், அவர்களுக்கு அதில் நல்ல பழக்கம் இருந்தது. யாரும் காசு கேட்கவில்லை. இவர்களும் 'பாபநாசம் மேப்' என்று பெயர் வைத்து, காசு வாங்காமல் இணையத்தில் போட்டார்கள்.

"இது உங்க அசனம் மாதிரிலே" என்பான் தாணு. அசனம் என்றால் ஜெய்சனின் கிறிஸ்தவ சபையில் வருஷா வருஷம் நடக்கும் பொது விருந்து. ஒருவர் அரிசி தருவார், ஒருவர் ஆடு தருவார், ஒன்றும் இல்லாதவர் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். வெந்ததை யார் வந்தாலும் சாப்பிடலாம். தாணு சபைக்காரன் இல்லை என்றாலும் ஒரு அசனத்தையும் விட்டதில்லை, வெங்காயமும் உரித்திருக்கிறான்.

சிக்கல் வீட்டுக்காரரிடம் இருந்தது. கம்பெனி விளையாட்டைப் புதுப்பிக்கும்போதெல்லாம் இந்தப் பக்கம் ஏதாவது இடிந்து விழும். ஒரு தடவை பேட்டை முழுவதும் தரைக்குள் போய்விட்டது. இன்னொரு தடவை பயணிகள் அத்தனை பேரும் பஸ் கூரைமேல் நின்றுகொண்டு டிக்கெட் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஜெய்சன்தான் வாரக்கணக்கில் உட்கார்ந்து சரிசெய்தான். அவன் மனைவி பியூலா பள்ளிக்கூட ஆசிரியை, கண்டிப்புக்காரி. "மேப்புல ரோட்டச் சரி பண்ணுதீங்க, வீட்டுல குழாய் ஒழுகுது" என்று ஒரு நாள் சொன்னாள். சொன்ன தொனியில் குழாயைத் தவிரவும் பல விஷயங்கள் இருந்தன.

அந்த நேரத்தில்தான் கம்பெனி ஒரு திட்டம் அறிவித்தது. நல்ல மாட்களைக் கம்பெனியே தேர்ந்தெடுக்கும், தன் கடையில் விலைக்கு வைக்கும், செய்தவருக்குப் பங்கு தரும். எல்லாவற்றுக்கும் மேலாக, இனி விளையாட்டை எப்படி மாற்றினாலும் அந்த மாட் உடையாமல் கம்பெனி ஆட்களே பார்த்துக்கொள்வார்கள். ஒரே நிபந்தனை, இலவசமாக எங்கும் இருக்கக் கூடாது. இணையத்தில் உலகம் பூராவும் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. உழைப்புக்குக் கூலி வேண்டாமா என்று ஒரு கட்சி, ஊர் கூடிச் செய்ததை ஒருத்தன் விற்பதா என்று மறு கட்சி. பாபநாசம் மேப்பைக் கம்பெனி தேர்ந்தெடுத்ததும் அந்தச் சண்டை தச்சநல்லூருக்கு வந்து சேர்ந்தது.

"அசனச் சோத்துக்கு டோக்கன் போடுதியாலே நீ?" என்று கேட்டான் தாணு.

"சோறு ஊசிப் போவுதுலே. அவன் ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் பாலம் அந்தரத்துல நிக்கி. இனிமே அவனே பாத்துக்கிடுவான்."

"ஊசிப் போச்சுன்னா மறுபடி வடிப்போம்."

"யாரு வடிக்கா? நாந்தான வடிக்கேன். உன் மரம் ஒரு தடவை நட்டா நட்டதுதான். நீ அடுத்த சோலியப் பாக்கப் போயிருவ."

உண்மைதான். ஆனால் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னவுடனேயே ஜெய்சனுக்குத் தெரிந்துவிட்டது. தாணு ஓடிக்கொண்டிருந்த அச்சு இயந்திரத்தை நிறுத்தினான்.

"மரத்த வச்சிக்க. அசனத்துக்குக் குடுத்தத திருப்பிக் கேக்கிற ஆளு நான் இல்ல. ஆனா பங்குக்காரன்னு எம் பேரப் போடாத. எங்கையிலருந்து ஒரு பைசா இதுக்கு வராது, பாத்துக்க."

பேச்சு அதோடு நின்றுபோனது. ஜெய்சன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, இலவச மேப்பை எல்லா இடத்திலிருந்தும் எடுத்தான். அவனுக்கு மேப்பும் பிழைக்க வேண்டும், தாணுவும் வேண்டும். ஒன்றைக் காப்பாற்றப் போய் இன்னொன்றைத் தொலைத்துவிட்டோமோ என்று அடிக்கடி நினைத்துக்கொண்டான். சாயங்காலம் ஆனால் தச்சநல்லூர்ப் பக்கம் வண்டியைத் திருப்பிய கை, பாதியிலேயே நினைவு வந்து பாளையங்கோட்டைக்குத் திருப்பியது.

மேப் கடைக்கு வந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. ஜெய்சனின் சித்தப்பா பாக்கியசீலன் காலை ஆராதனை முடிந்ததும் சபை வாட்ஸ்அப் குழுவில் குரல் செய்தி போட்டார். ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ் கிளார்க்கான அவர் அறுப்பின் பண்டிகையில் ஏலம் போடுகிறவர். அந்தக் குரலை மறுத்து இதுவரை யாரும் வீடு போய்ச் சேர்ந்ததில்லை. நம்ம பிள்ளை செய்த சாமான், வெளிநாட்டுக் கடையில் இருக்கிறது, ஆளுக்கொன்று வாங்கவும், ஆமென். பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு போனில் அந்தக் கடையைத் திறந்து, சபையே வாங்கியது. தூத்துக்குடியிலும் துபாயிலும் இருந்தவர்கள்கூட வாங்கினார்கள். அன்று மத்தியானம் ஜெய்சன் கோழிக் குழம்பை ருசித்துச் சாப்பிட்டான்.

செவ்வாய்க்கிழமை காலையில் கடையில் மேப்பைக் காணோம். கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் மட்டும் வந்திருந்தது. உங்கள் பொருளை வாங்கியவர்களில் ஏறக்குறைய எல்லாருமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், பலர் மறுபடி வாங்கி மறுபடி திருப்பியிருக்கிறார்கள், இது மோசடியாகத் தெரிகிறது, ஆகவே விற்பனை நிறுத்தப்படுகிறது. ஜெய்சனுக்குக் காலைச் சாப்பாடு இறங்கவில்லை. நேரே சித்தப்பா வீட்டுக்குப் போனான்.

"திருப்பிக் குடுத்தீங்களா சித்தப்பா?"

"பின்ன?" என்றார் அவர், நாற்காலியில் சாய்ந்தபடி. "எனக்கு என்னத்துக்குடே பஸ்? நான் வாங்கி நானே வச்சிக்கிட்டா அடுத்த ஆளு எப்படி வாங்குவான்? திருப்பிக் குடுன்னு ஒரு பட்டன் இருந்துச்சு. அமுக்கிட்டேன். எல்லாருக்கும் சொல்லியும் விட்டேன்."

ஜெய்சன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அறுப்பின் பண்டிகையில் விளைந்ததை எல்லாம் கோயிலுக்குக் கொண்டுவந்து ஏலம் விடுவார்கள். சர்ச் என்பதை அங்கே கோயில் என்றுதான் சொல்வது. ஒருவர் ஒரு பூசணிக்காயை ஏலத்தில் எடுப்பார், காசைக் கட்டுவார், காயைத் திரும்பக் கோயிலுக்கே கொடுத்துவிடுவார். அதே காய் மறுபடி ஏலத்துக்கு வரும். நாலைந்து பேர் கை மாறினால்தான் அந்தப் பூசணிக்காய்க்கே மரியாதை. எடுத்ததை அப்படியே மடியில் கட்டிக்கொண்டு போகிறவரைப் பற்றி ஊர் ஒரு வருஷம் பேசும். சபையார் அதே நல்ல மனதோடுதான் பட்டனை அமுக்கியிருந்தார்கள்.

"காசும் திரும்ப வந்துருக்குமே, பாக்கலியா?"

"வந்துச்சு. கம்பெனிக்காரன் பெரிய மனுசன்தான்னு திரும்பவும் வாங்கினேன். நாலு தடவை" என்றார் பாக்கியசீலன் பெருமையாக. ஜெய்சன் அவரைக் கோபித்துக்கொள்ளப் பார்த்தான், முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கம்பெனிக்கு எழுதினான். பூசணிக்காயை விளக்கி எழுதினான், அறுப்பின் பண்டிகையை விளக்கி எழுதினான். பியூலா அவன் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தாள். ஒவ்வொரு கடிதத்துக்கும், உங்கள் கருத்துக்கு நன்றி என்று கணினியே பதில் போட்டது. ஒப்பந்தப்படி இலவசமாகவும் வெளியிட முடியாது. காசுக்கும் இல்லை, ஓசிக்கும் இல்லை என்று ஆனது. இத்தனை வருஷம் இடிந்தாலும் எழுந்து நின்ற பாபநாசம் ரோடு, காப்பாற்றப் போன இடத்தில் மூடிக்கொண்டது. டோக்கன் போட்டவனுக்குச் சோற்றுப்பானையும் போய்விட்டது என்று தாணு சிரித்துக்கொண்டிருப்பான் என நினைத்தான். அந்த நினைப்புதான் அவனை அதிகம் சுட்டது.

மூன்றாம் வாரம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் எழுதினாள். இது கணினி எழுதியது இல்லை என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. பூசணிக்காய்க் கதையை அலுவலகத்தில் எல்லாரும் ரசித்துப் படித்தோம், ஆனால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாள். நம்ப வைத்தவர் வேறு ஒருவராம். முதல் நாளே வாங்கி, திருப்பிக் கொடுக்காமல், தினமும் ஓட்டுகிற ஆள் ஒருவர் இருக்கிறார், ஓட்டிவிட்டுக் குறைகள் எழுதி அனுப்பிக்கொண்டே இருக்கிறார். மோசடிக்காரர்கள் இத்தனை குறை கண்டுபிடிக்க மாட்டார்கள். அவர் சொன்னவற்றைச் சரிசெய்து அனுப்புங்கள், மறுபடி விற்பனைக்கு வைக்கிறோம்.

குறைகள் கீழே இருந்தன. கல்லிடைக்குறிச்சி தாண்டி ஆற்றுப் பாலத்தில் அம்பாசமுத்திரத்தைப் பார்த்துப் போகும்போது தண்ணீர் இடது பக்கமிருந்து வலது பக்கம் ஓட வேண்டும், இங்கே வலமிருந்து இடமாக, கடலிலிருந்து மலையைப் பார்த்து ஓடுகிறது. வீரவநல்லூர் வளைவில் பஸ் சாய்வது போதாது. கண்டக்டர் விசில் அடிப்பதற்கு முன்பே பஸ் கிளம்புகிறது, இது ஒழுக்கக்கேடு. இப்படிப் போய், கடைசியில் ஒரு வரி. 'ஆற்றங்கரை மரங்கள் மிகவும் தத்ரூபமாக உள்ளன, அவற்றில் கை வைக்க வேண்டாம்.'

ஜெய்சன் அந்த வரியை இரண்டு தடவை படித்தான். பிறகு வண்டிச் சாவியைத் தேடினான். எங்கே என்று பியூலா கேட்கவில்லை. "பைய போங்க" என்று மட்டும் சொன்னாள்.

தாணு கடையில் ஏதோ ஒரு கல்யாணப் போர்டில் மாப்பிள்ளைக்கு முடி சேர்த்துக்கொண்டிருந்தான். ஜெய்சனைப் பார்த்தான், மறுபடி மாப்பிள்ளையைப் பார்த்தான்.

"ஆறு பின்னால ஓடுதாலே?" என்றான் ஜெய்சன்.

"ஓடுதுலா."

"எத்தன வருசமா?"

"நீ தண்ணி விட்ட நாள்லருந்து."

"அப்பமே சொன்னா என்ன?"

தாணு சுட்டியைக் கீழே வைத்தான். "எப்படிலே சொல்லச் சொல்லுத? தூங்காமக் கொள்ளாம ஓசிக்குச் செஞ்சிட்டு வந்து நிக்க. அசனச் சோத்துல உப்பு இல்லன்னு யாராவது சொல்லுவானா? காசு குடுத்தாத்தான் குறை சொல்ல வாய் வரும். கம்பெனிக் கடையிலயும் வாங்கினவன் எழுதினாத்தான் எடுத்துக்கிடுதான். அதான் வாங்கினேன்."

"ஒரு பைசா தரமாட்டேன்னு சொன்னியே?"

"சொன்னேன். இப்பவும் அதான் சொல்லுதேன், நீ செஞ்சது தப்புதான். டோக்கன் போட்ட சோறுன்னு ஆனபெறகு உப்பாவது சரியா இருக்கட்டும்."

ஜெய்சனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபிளெக்ஸ் சுருள்மேல் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தான். தாணு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டான். பாலம் வந்தது, அதன் கீழே தாமிரபரணி மேற்கே போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு எண்ணை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றியதும் தண்ணீர் ஒரு கணம் நின்று, பிறகு மருத மரங்களைத் தாண்டிக் கிழக்கே ஓடத் தொடங்கியது.

ஜெய்சனுக்கு ஒன்று மட்டும் மனதில் நின்றது.

"சித்தப்பா சொல்லி ஊரே திருப்பிக் குடுத்துச்சு. துபாய்லருந்து கூடக் குடுத்துட்டாங்க. நீ ஏம்லே குடுக்கல?"

"அவங்கல்லாம் உனக்காவ வாங்கினாங்க" என்றான் தாணு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கு பஸ் ஓட்டணும்லா."